முதல் கொத்து வெட்டியவர்

மலைக்கு ஆள் கூட்டிப்போகிற தொழிலில் பொய் சொல்லாமல் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று வெள்ளைக்காரர் மூச்சிரைக்கக் கேட்டால், அந்தத் திருப்பம் தாண்டினால் வந்துவிடும் என்று சொல்ல வேண்டும். தாண்டினால் இன்னொரு திருப்பம் இருக்கும். மழை வருமா என்றால் வராது. சூப்பில் என்ன கறி என்றால் கோழி. எங்கள் ஐயன் அவ்சாங்காத்தே மலை இதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் நிற்கிறார். இத்தனை வருடத்தில் என்னை அவர் ஒன்றும் செய்ததில்லை. வயிற்றுப்பாட்டுக்குச் சொல்கிற பொய்யை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று நானே முடிவு செய்திருந்தேன்.

என் பெயர் நிகானோர். பிறந்தது அந்த மலையின் காலடியில் இருக்கும் பூக்காபம்பாவில். வீடு வாசல் எல்லாம் இப்போது குஸ்கோ நகரத்தில். நான் சொல்லப்போவது ஒரே ஒரு பொய்யைப் பற்றி. அதை இரண்டு பேரிடம் இரண்டு விதமாகச் சொன்னேன்.

பூக்காபம்பாவில் மெல்சோர் என்று ஒருவன். என்னைவிட மூன்று மாதம் இளையவன். அந்த மூன்று மாதத்துக்காக என்னை அண்ணே என்று கிண்டலாகக் கூப்பிட ஆரம்பித்து, பிறகு கிண்டல் போய் அண்ணே மட்டும் நின்றுவிட்டது. என் பயணங்களுக்கெல்லாம் குதிரை அவனுடையது. கூடாரம், அடுப்பு, அரிசி மூட்டை எல்லாவற்றையும் ஏற்றிக் கட்டிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் கிளம்பி, எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருப்பான். அதிகம் பேசமாட்டான். பேசினால் அதில் ஒரு சொல்லைக்கூட எடுத்துப் போட முடியாது.

அவனுக்கும் அவன் மனைவி தோமாசாவுக்கும் முதலில் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாக வந்த லிஸ்பெத் தங்கினாள். எங்கள் பக்கம் பிறந்த முடியில் கத்திரி படாது. பிள்ளை நடந்து, பேசி, இந்த உயிர் இனி போகாது என்று பெற்றவர்களுக்குத் தைரியம் வந்த பிறகுதான் முடிவெட்டு. முதல் கொத்தை யார் வெட்டுகிறாரோ அவர்தான் ஞானத்தகப்பன். மற்றவர்கள் பின்னால் வந்து ஆளுக்கொரு கொத்து வெட்டிவிட்டு ஒரு ஆட்டுக்குட்டியோ அல்பாக்காக் குட்டியோ கொடுத்துவிட்டுப் போய்விடலாம். முதல் கொத்துக்காரருக்கு அப்படிப் போக முடியாது. பள்ளிக்கூடம், காய்ச்சல், கல்யாணம் எல்லாவற்றுக்கும் வந்து நிற்க வேண்டும். அவரும் பெற்றவனும் அன்று முதல் ஒருவரையொருவர் கும்பா என்று கூப்பிடுவார்கள். கூடப் பிறந்தவனோடு உருண்டு புரண்டு சண்டை போடலாம். கும்பாவிடம் முகம் கோணக்கூடாது.

லிஸ்பெத்துக்கு மூன்று வயது நடக்கும்போது மெல்சோரும் தோமாசாவும் லாரி பிடித்துக் குஸ்கோவுக்கு என் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு குடம் சோளக்கள், ரொட்டி, வறுத்த கினிப்பன்றி எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். வந்தவன் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"என்னடா, பொண்ணு கேக்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்க?" என்றேன்.

"பாப்பாவுக்கு முடி வெட்டணும்ணே."

"வெட்டுங்க. வீட்ல கத்திரி இல்லையா?"

தோமாசா முகத்தைத் திருப்பிச் சிரித்தாள். "கத்திரி இருக்குண்ணே. கைதான் இல்ல. உங்க கைய குடுங்க."

மெல்சோர் ஒரு கிண்ணத்தில் கள்ளை ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினான். எங்கள் ஊரில் அந்தக் கிண்ணத்தை வாங்கிக் குடித்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். நான் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். அப்போது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

அவர்கள் போன பிறகு என் மனைவி எர்மெலிந்தா கிண்ணங்களை அலம்பிக்கொண்டே சொன்னாள்: "இதோட அஞ்சு. ஊர்ல முடி வளர்ற புள்ளைங்களுக்கெல்லாம் நீங்கதான் கத்திரியா?"

அது நியாயமான கேள்விதான். ஏற்கெனவே நான்கு பிள்ளைகளுக்கு நான் ஞானத்தகப்பன். வீட்டுக்கு இரண்டாவது மாடி எழுப்பிக்கொண்டிருந்தோம், சுவர் பாதியில் நின்றது. ஆனால் பழியை அவள் தலையில் கட்ட மாட்டேன். அவள் கேட்டதோடு மறந்துவிட்டாள். அதை மனதுக்குள் வைத்து வளர்த்தவன் நான்.

நான் வர வசதியாக, ஆகஸ்டில் என் பயணக் குழு பூக்காபம்பாவில் தங்குகிற நாளையே மெல்சோர் முடிவெட்டு நாளாக வைத்தான். அந்தத் தடவை ஹாலந்துக்காரர்கள் நான்கு பேர். அதில் யோரிஸ் என்று ஒருவர். நெட்டையான மனிதர், ஊரில் தச்சு வேலை. மற்ற மூவரும் என்னோடு முன்னால் நடக்க, இவர் மட்டும் பின்தங்கி மெல்சோரோடும் குதிரைகளோடும் வருவார். இவருக்கு எங்கள் பேச்சு ஒரு சொல் தெரியாது, அவனுக்கு இவர் பேச்சு தெரியாது. ஆனாலும் ஓய்வுக்கு உட்காரும்போது இரண்டு பேரும் ஒரே பையிலிருந்து கோக்கா இலை எடுத்து மென்றுகொண்டு, கையைக் காட்டிக் காட்டி ஏதோ பேசிச் சிரிப்பார்கள். மூன்றாம் நாளே சுமைக்கு முடிச்சுப் போட அவர் கற்றுக்கொண்டுவிட்டார். "இந்த ஆளுக்குக் கை சுத்தம்ணே" என்று மெல்சோர் சொன்னான். அவன் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

ஊர் வந்து சேர்ந்தோம். மெல்சோர் வீட்டு முற்றத்தில் துணி விரித்து, தட்டு வைத்து, கத்திரிக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். லிஸ்பெத்தின் சிக்குப் பிடித்த முடியைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் நூல் கட்டியிருந்தாள் தோமாசா. வந்தவர்களில் யாரிடமும் போகாத அந்தப் பிள்ளை நேராக யோரிஸிடம் போய் அவர் தாடியைப் பிடித்து இழுத்தது. ஊரே சிரித்தது.

"என்ன நடக்கப் போகிறது?" என்று யோரிஸ் என்னிடம் கேட்டார். குழந்தைக்கு முதல் முடிவெட்டு என்றேன். "நானும் ஒரு கொத்து வெட்டலாமா?" என்றார். குழந்தை கேட்கிற மாதிரிக் கேட்டார்.

எல்லோரும் வெட்டலாம், ஆனால் முதல் கொத்துக்குப் பிறகு. அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்த அந்த நேரத்தில் பாதியில் நிற்கிற என் மாடிச் சுவர் கண்ணில் வந்தது. ஐந்தாவது பிள்ளையின் சீருடை, ஐந்தாவது பிள்ளையின் கல்யாணம் எல்லாம் வந்தது. கூடவே ஒரு சாக்கும் வந்தது: வெளிநாட்டுக்காரர் ஞானத்தகப்பனாக வந்தால் இந்தப் பிள்ளைக்கு என்னால் செய்ய முடியாததெல்லாம் கிடைக்கும். கெட்ட காரியம் செய்கிறவனுக்கு நல்ல காரணம் எவ்வளவு சீக்கிரம் கிடைத்துவிடுகிறது என்று இன்று நினைத்தாலும் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

மெல்சோரைத் தனியாகக் கூப்பிட்டேன். "யோரிஸ் முதல் கொத்து வெட்டணும்னு ஆசைப்படுறாருடா. ஞானத்தகப்பனா இருக்கேங்கறார்."

அவன் என்னைப் பார்த்தான். "உன்னைத்தானே கேட்டிருக்கோம்."

"நான் எங்க போகப் போறேன்? உங்க வீட்டு ஆள்தானே. இது பாப்பாவுக்கு வர்ற அதிர்ஷ்டம். தள்ளாதே."

"அவருக்கு விவரம் தெரியுமா?"

"தெரியும்."

"காலத்துக்கும்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"எல்லாத்தையும் சொன்னியாண்ணே?"

"எத்தனை தடவைடா கேப்ப? எல்லாம் சொல்லிட்டேன்."

பிறகு யோரிஸிடம் போனேன். "நீங்களே முதலில் வெட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். விருந்தாளிக்குத் தருகிற மரியாதை" என்றேன். அவர் முகம் சந்தோஷத்தில் சிவந்துவிட்டது. கத்திரியைக் கையில் வாங்கிய பிறகு நின்று, "இதற்குப் பிறகு நான் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். அவரும் கேட்டார். கேட்கவில்லை என்று பழி சொல்ல எனக்கு வழியே இல்லை.

"ஒன்றுமில்லை. இது ஒரு விளையாட்டு மாதிரி" என்றேன்.

மெல்சோர் மூன்று கோக்கா இலைகளை விரலில் அடுக்கிப் பிடித்து, அவ்சாங்காத்தேயின் பக்கம் திரும்பி ஊதி, நீங்களே சாட்சி ஐயா என்று வேண்டிக்கொண்டான். யோரிஸ் வெட்டினார். மெல்சோர் அவரைக் கட்டிப்பிடித்து "கும்பா" என்றான். அவரும் சிரித்துக்கொண்டே "கும்பா" என்றார். இரண்டாவது கொத்தை நான் வெட்டினேன். ஒரு ஆட்டுக்குட்டி கொடுத்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் மே மாதம் முதல் குழுவோடு போனபோதே மெல்சோர் குதிரைக்குக் கச்சை கட்டிக்கொண்டு கேட்டான்: "கும்பா ஏதும் சொல்லி அனுப்பினாராண்ணே?"

யோரிஸ் எனக்கு முடிவெட்டு அன்று எடுத்த புகைப்படங்களை அனுப்பியிருந்தார். மெல்சோர் எப்படி இருக்கிறார், அந்தச் சின்னப் பெண் எப்படி இருக்கிறாள் என்று எழுதியிருந்தார். எல்லோரும் சௌக்கியம் என்று இரண்டு வரி பதில் போட்டிருந்தேன். அப்போதே எழுதியிருக்கலாம். நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தால் போதும், மனிதர் புரிந்துகொண்டிருப்பார். எனக்கு வெட்கம். வெட்கத்துக்கு மேல் சோம்பேறித்தனம்.

"சொன்னாரு. பாப்பாவைக் கேட்டாரு" என்றேன்.

மெல்சோர் தலையை ஆட்டினான். கச்சையை இழுத்து இறுக்கினான். ஆனால் தோமாசாவின் கண் என் பையின் மேல் போய்விட்டுத் திரும்பியதைப் பார்த்தேன். ஞானத்தகப்பன் முதல் வருடம் வெறுங்கையாக விடமாட்டார். அடுத்த தடவை குஸ்கோ சந்தையில் ஒரு ஜோடி சிவப்புச் சப்பாத்து வாங்கிக்கொண்டு போனேன். "கும்பா அனுப்பினது" என்றேன். லிஸ்பெத் அன்று அதைப் போட்டுக்கொண்டே தூங்கினாளாம்.

அப்படி ஆரம்பித்ததுதான். பிறகு பள்ளிக்கூடப் பை, மழைக்கோட்டு, வண்ணப் பென்சில், காதில் சீழ் வைத்தபோது மருந்து. ஞானத்தகப்பன் செய்ய வேண்டியது ஒவ்வொன்றையும் நான்தான் செய்தேன், ஒன்றுகூட என் பெயரில் இல்லை. எர்மெலிந்தாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். "செலவுக்குப் பயந்து பேரைக் குடுத்தீங்க. இப்ப பேரும் இல்ல, செலவும் நிக்கல" என்பாள்.

லிஸ்பெத்துக்கு நான் சாமான் கொண்டுவருகிற மாமா. நல்ல மாமாதான், ஓடி வந்து பையை வாங்கிக்கொள்வாள். பையைப் பிரித்த பிறகு அவள் சந்தோஷமெல்லாம் நான் கொண்டுவந்து கொடுத்து அவர்கள் சுவரில் ஒட்டியிருந்த யோரிஸின் புகைப்படத்துக்குப் போய்விடும். வருடத்துக்கு ஒரு படம் வரைந்து, "இதை ஞானப்பாவுக்கு அனுப்பிடுங்க மாமா" என்று என்னிடம் தருவாள். குதிரை, மலை, மலைக்கு மேலே தாடி வைத்த ஒரு நெட்டை மனிதர். எட்டுப் படங்கள். எல்லாவற்றையும் மாடியில் ஒரு பெட்டிக்குள் வைத்தேன். அனுப்பவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

லிஸ்பெத்துக்குப் பன்னிரண்டு வயது. அந்த டிசம்பரோடு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பு முடிகிறது. படிப்பில் கெட்டிக்காரி. குஸ்கோவில் சேர்த்துவிடு என்று டீச்சரே சொல்லிவிட்டாள். மெல்சோருக்கும் ஆசைதான்.

"எங்க வீட்டு மாடில ரூம் சும்மாத்தான் கிடக்கு" என்றேன். "நம்ம வீட்லயே இருக்கட்டும். எர்மெலிந்தா பாத்துக்குவா." அந்த நிமிடம் எனக்கு மனம் லேசாக இருந்தது. இப்படியாவது தீர்ந்துவிடட்டும் என்று இருந்தது.

தோமாசா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மெல்சோர்தான் சொன்னான்: "நீ சொன்னதே போதும்ணே. ஆனா ஞானத்தகப்பன் இருக்கறப்ப புள்ளைய வேற வீட்ல விட்டா கும்பாவுக்கு அவமானம். ஒன்பது வருஷமா ஒரு குறை வைக்காம செஞ்ச மனுஷன். அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும். எங்க விடச் சொல்றாரோ அங்க விடுறோம். இல்லேன்னா இங்கயே ஆடு மேய்க்கட்டும்."

"வேற வீடா? என் வீடு வேற வீடாடா?"

"கோவிச்சுக்காத. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

முறை. அன்று நானே கத்திரியைப் பிடித்திருந்தால், அந்தப் பெண் யாரிடமும் கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மாடிக்கு வந்திருப்பாள். அது அவளுக்கு உரிமையான அறையாக இருந்திருக்கும். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

யோரிஸ் என் வீட்டில் விடச் சொன்னார் என்று இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்வதாகத்தான் இருந்தேன். அதற்குள் அவரிடமிருந்தே கடிதம் வந்துவிட்டது. ஆகஸ்டில் வருகிறேன், தனியாக வருகிறேன், அதே வழியில் நடக்க வேண்டும். இந்தத் தடவை வேறு பக்கம் போகலாம், அங்கே மலை இன்னும் அழகு என்று எழுதிப் பார்த்தேன். மலையைப் பார்க்க வரவில்லை, மெல்சோரையும் அந்தப் பெண்ணையும் பார்க்க வருகிறேன் என்று பதில் வந்தது. இந்த விஷயத்தை என் பயணக் குழுவின் சமையல்காரன் பேருந்தில் யாரிடமோ சொல்ல, நான் போய்ச் சேர்வதற்கு ஒரு மாதம் முன்பே பூக்காபம்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

கும்பாவை வரவேற்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மெல்சோர் ஊரிலேயே தங்கிவிட்டு, குதிரைகளைத் தன் மச்சினனோடு அனுப்பினான். யோரிஸுக்கு முடி நரைத்திருந்தது, முட்டி வலித்தது. நான்கு நாள் நடந்தோம். ஒவ்வொரு நாளும் மதியச் சாப்பாட்டில் சொல்லிவிடுவது என்று இருப்பேன். சாப்பாடு முடிந்துவிடும்.

மூன்றாம் நாள் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும்போது அவராகவே பேச்செடுத்தார். "எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அன்றைக்கு அந்தச் சின்னப் பெண் என் தாடியை இழுத்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். மெல்சோர் என்னைக் கும்பா என்றாரே, அதற்கு என்ன அர்த்தம்?"

"நண்பர் என்று அர்த்தம்" என்றேன். ஒன்பது வருடம் கழித்தும் அதே நாக்கு.

நான்காம் நாள் ஊருக்கு மேலே இருக்கும் கணவாயிலேயே அவர்கள் காத்திருந்தார்கள். புல்லாங்குழலும் மேளமும். மெல்சோர் புதுத் தொப்பி போட்டிருந்தான். தோமாசா யோரிஸின் தலையில் வண்ணக் காகிதப் பொடியைத் தூவி, தானே நெய்த சால்வையை அவர் தோளில் போர்த்தினாள். அதில் ஒரு வருட வேலை இருக்கும். யோரிஸ் திக்குமுக்காடிப்போனார். "இவ்வளவு எதற்கு?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டுக்குள் அவரை நடுவில் உட்காரவைத்தார்கள். மண்ணடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு, வறுவல், சோளக்கள் எல்லாம் வந்தன. லிஸ்பெத் பாவாடையைச் சரிசெய்துகொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தாள்.

"ஞானப்பா, சிவப்புச் சப்பாத்துக்கு நன்றி. பைக்கு நன்றி. மழைக்கோட்டுக்கு நன்றி. காது வலிச்சப்ப மருந்து அனுப்பினதுக்கு நன்றி. உங்களுக்காக எப்பவும் வேண்டிக்கறேன்."

யோரிஸ் சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறாள்?"

"வரவேற்கிறாள்" என்றேன்.

அவள் அதோடு நிறுத்தவில்லை. ஒப்பித்து முடித்த நிம்மதியில் தன் சொந்தப் பேச்சுக்கு வந்தாள். "நான் வரைஞ்சு அனுப்பினதுல உங்களுக்கு எது பிடிச்சுது?"

குதிரை என்று சொன்னால் போதும். ஒரு சொல். நான் யோரிஸிடம் எதையாவது கேட்டு, அவர் எதையாவது சொல்ல, நான் குதிரை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதில் அங்கிருந்துதான் வரும் என்று அவ்வளவு நம்பிக்கை. என்னால் முடியவில்லை. துணிச்சல் ஒன்றும் வந்துவிடவில்லை, இதற்கு மேல் இழுக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

யோரிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் கொத்துக்கு என்ன அர்த்தம், கும்பா என்றால் என்ன, அவர் பெயரில் நான் கொண்டுவந்தவை, போய்ச் சேராத படங்கள். சொல்லச் சொல்ல அவர் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றது. மற்றவர்களும் சிரித்த முகத்தோடுதான் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் உன்னிடம் கேட்டேன்" என்றார். "கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்."

"கேட்டீர்கள்."

"நான் செய்திருப்பேனே. சந்தோஷமாகச் செய்திருப்பேனே." பிறகு அவர்கள் பக்கம் கையைக் காட்டி, "இப்போது அவர்களிடம் சொல். ஒன்றையும் விடாமல் சொல்" என்றார்.

எங்கள் பேச்சில் சொன்னேன். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இங்கிலீஷில் சொன்னபோது வேறு யாரோ செய்த தப்பைச் சொல்வது போல இருந்தது. எங்கள் பேச்சில் ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. மேளக்காரர்கள் எழுந்து வெளியே போனார்கள்.

"சிவப்புச் சப்பாத்து?" என்றாள் தோமாசா.

"நான் வாங்கினது."

"காதுக்கு மருந்து?"

"நான்தான்."

"அப்ப என் படம்லாம்?" என்றாள் லிஸ்பெத்.

"வீட்ல இருக்கும்மா. ஒண்ணுகூட தொலைக்கல." ஏதோ பெரிய காரியம் போல அதைச் சொன்னேன். அவள் சுவரிலிருந்த புகைப்படத்தைப் பார்த்தாள். பிறகு எதிரே உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

மெல்சோர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மூணு தடவை கேட்டேன்" என்றான்.

"கேட்ட."

"மலைய சாட்சி வெச்சேன்."

"வெச்ச. என்னைத் திட்டு மெல்சோரு. நாலு அடி வேணும்னாலும் அடி."

அவன் திட்டவில்லை. யோரிஸ்தான் பேசினார். "அவரிடம் கேள், இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? அவர்கள் இன்னமும் என்னை வேண்டும் என்றால், நான் இருக்கிறேன். இதைச் சரியாகச் சொல்." 'சரியாக' என்பதை அழுத்திச் சொன்னார்.

நான் மெல்சோரின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். அவன் கையைத் தூக்கினான். குதிரையை நிறுத்தத் தூக்குவானே, அதே கை.

"நீங்க வேணாம்" என்றான்.

நாற்பது வருடத்தில் அவன் என்னை நீங்க என்று சொன்னதில்லை. கும்பாவாகியிருந்தால் மரியாதைக்காகச் சொல்லியிருப்பான். இது தெரியாத ஆளிடம் சொல்கிற நீங்க.

"லிஸ்பெத்து, டீச்சரைக் கூட்டிட்டு வா. அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்."

டீச்சரின் இங்கிலீஷை நான் கேட்டிருக்கிறேன். நாலு சொல்லுக்கு ஒரு தடவை நொண்டும். ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று தடவை திரும்பப் போவாள். இருபத்திரண்டு வருடம் வெள்ளைக்காரர்களோடு பழகிய என் இங்கிலீஷை அவளுடையதோடு ஒப்பிடவே முடியாது. நொண்டினாலும் பரவாயில்லை, அவள் போதும் என்று அவர்களுக்கு இருந்தது. லிஸ்பெத் ஓடினாள். டீச்சர் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து, என்னைத் தாண்டி உள்ளே போய் யோரிஸின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கும்பாக்கள் முறை பேசும்போது மொழி சொல்கிறவரைத் தவிர வேறு வெளியாள் இருக்கக்கூடாது. யாரும் சொல்லாமலே நான் எழுந்து முற்றத்துக்குப் போனேன்.

குதிரைகளின் சுமையை ஒவ்வொன்றாக இறக்கினேன். அந்த வேலையை நான் செய்து பல வருடம் ஆகிறது. முடிச்சுகள் விரலுக்கு வசப்படவில்லை. உள்ளே டீச்சர் தட்டுத் தடுமாறிப் பேசுவதும், யோரிஸ் மெதுவாக ஏதோ சொல்வதும் கேட்டன. தோமாசா அழுதாள். பிறகு லிஸ்பெத் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். யோரிஸும் சிரித்தார். நான் அவிழ்த்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மார்ச்சில் லிஸ்பெத் குஸ்கோவில் பள்ளிக்கூடம் சேர்ந்தாள். விடுதியில் தங்கியிருக்கிறாள், யோரிஸ் ஏற்பாடு. இந்த ஆகஸ்டிலும் அவர் வந்தார், ஆனால் என் மூலமாக வரவில்லை. படங்களை எர்மெலிந்தாதான் விடுதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வழியில் என்னைப் பார்த்தால் லிஸ்பெத் நின்று, "நல்லா இருக்கீங்களா மாமா?" என்று கேட்பாள். நன்றாக இருக்கிறேன் என்பேன். நல்ல வளர்ப்பு, அதற்கு மேல் ஒரு சொல் வராது. குதிரை வேண்டும் என்று சொல்லி அனுப்பினால் மெல்சோர் மச்சினனோடு அனுப்பிவைக்கிறான். நல்ல குதிரைகளாகத்தான் அனுப்புகிறான்.

இந்தப் பக்கத்து மனிதர்கள் சொன்னதை அந்தப் பக்கத்துக்கும், அந்தப் பக்கத்து மனிதர்கள் சொன்னதை இந்தப் பக்கத்துக்கும் சொல்லித்தான் நான் இத்தனை காலம் சோறு தின்றேன். அன்று அந்த அறையில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.